கல்யாண வீடியோவை டிவிடியாக்க: டிவிடி ஸ்டைலரா, டிவிடி ஃபிளிக்கா?

ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்த கல்யாண வீடியோவை பிளாங்க் டிவிடிக்குள் இழுத்துப் போட்டு, பாட்டி வீட்டு டிவிடி ப்ளேயரில் செருகினால் படம் வராது. டிஸ்க் மேல் பழி போட்டுப் பயனில்லை. இழுத்துப் போடும்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கிறது: யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி ப்ளேயருக்காக எழுதவா? முதலாவதைச் சொடுக்கினால், வீட்டு ப்ளேயருக்குப் புரியாத ஃபைல் அமைப்பில் டிஸ்க் உருவாகும். இரண்டாவதைச் சொடுக்கினாலும் எம்பி4 ஃபைல் அப்படியேதான் ஏறும். ப்ளேயர் தேடுவதோ 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை. அதற்குள் எம்பெக்-2 (டிவிடிக்கான வீடியோ வடிவம்) படத்தைத் தாங்கும் விஓபி ஃபைல்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ, அதன் நகலான பியுபி ஆகியவையும் கூடவே வேண்டும்.

இந்தக் கட்டமைப்பைச் செய்வது ஆத்தரிங். அதை டிஸ்க்கில் பதிப்பது பர்னிங். இரண்டையும் ஒரே மென்பொருளிடம் கொடுத்து 'பர்ன்' பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடாதீர்கள். முதல் வேலையை ஃபோல்டராகவோ ஐஎஸ்ஓ ஃபைலாகவோ (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலில் அடக்கிய நகல்) முடித்து, விஎல்சி வீடியோ ப்ளேயரில் ஓட்டிப் பார்த்த பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள். டிஸ்க் வீணாவது பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

ஆத்தரிங்: இரண்டு இலவச மென்பொருள்கள்

டிவிடி ஸ்டைலரின் பலம் மெனு. புது ப்ராஜெக்ட் திறந்ததும் டிஸ்க் அளவு, பால் அல்லது என்டிஎஸ்சி (விநாடிக்கு 25 அல்லது சுமார் 30 ஃபிரேம் ஓடும் இரு டிவி தரங்கள்), 4:3 அல்லது 16:9 எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடும். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று தனித்தனி டைட்டில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் வைக்கலாம். ஒரு டைட்டில் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புவதா, அடுத்த டைட்டிலுக்குத் தாவுவதா என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். ஸ்டுடியோ கொடுத்த ஃபைல் ஏற்கெனவே டிவிடி தரத்து எம்பெக்-2 என்றால் வீடியோவை 'காப்பி' என்று வைத்துவிடுங்கள். மறுபடி கன்வர்ட் ஆகாது, தரமும் குறையாது, மணிக்கணக்கில் நேரமும் மிச்சம். லினக்ஸிலும் ஓடும்.

மெனுவில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால், நேரடியாகத் தட்டும்போது எழுத்துகள் உடையலாம் என்பதால், ஜிம்ப் போன்ற பட மென்பொருள் ஒன்றில் பின்னணிப் படத்திலேயே தமிழை எழுதி, அந்தப் படத்தை மெனு பேக்கிரவுண்டாக ஏற்றிக்கொள்வது உத்தமம். சப்டைட்டிலிலும் இதே சிக்கல் உண்டு. டிவிடி சப்டைட்டில் எழுத்தாக ஏறுவதில்லை, படமாக ஏறுகிறது. அந்தப் படத்தை வரையும் மென்பொருளுக்கு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாவிட்டால் 'கொ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சப்டைட்டிலை வீடியோவோடு பதித்துவிட்டு, அதன் பிறகு ஆத்தரிங்குக்குக் கொண்டுவந்தால் இந்தக் கோளாறு வராது.

டிவிடி ஃபிளிக் விண்டோஸுக்கு மட்டும். ஃபைலைச் சேர்த்து, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் பால் என்று வைத்து, பிட்ரேட்டை (ஒவ்வொரு விநாடிக்கும் ஒதுக்கும் தரவின் அளவு) 'ஆட்டோ ஃபிட்'டில் விட்டால் போதும். டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை ஓரத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். கச்சேரி, பிரசங்கம் போல ஒரே நீளமாக ஓடும் பதிவுகளுக்கு இதைவிட எளிமையானது தேட வேண்டியதில்லை. மெனு விஷயத்தில் கைவசம் உள்ள சில வார்ப்புருக்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு பெரிய குறை. இதன் கடைசிப் பதிப்பு 1.3.0.7 வந்தது 2009-இல். இன்றைய செல்போன்கள் எடுக்கும் எச்.265 தரம் வந்ததே 2013-இல். அத்தகைய ஃபைலை இதற்குத் திறக்கத் தெரியாது. முதலில் ஹேண்ட்பிரேக்கில் எச்.264-ஆக மாற்றுங்கள். மாற்றும்போது ஃபிரேம் ரேட்டைக் கட்டாயம் 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள். செல்போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதைச் சமன் செய்யாமல் விட்டால், அரை மணி நேரம் ஓடிய பிறகு நாதஸ்வரக்காரர் வாயை எடுத்த பின்னும் சத்தம் வந்துகொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு டிவிடி ஸ்டைலரைத்தான் சொல்வோம். பழைய ஃபைல், மெனு வேண்டாம், சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் டிவிடி ஃபிளிக். விண்டோஸ் 7-இல் சில பதிப்புகளோடு வந்த விண்டோஸ் டிவிடி மேக்கரை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 150 நிமிடத்துக்கு மேல் ஏற்காது, ஐஎஸ்ஓவாகச் சேமிக்கவும் விடாது, விண்டோஸ் 8-இலிருந்து அதுவே இல்லை.

எதில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்

4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். ஏமாற்றில்லை, ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். மொத்தம் சுமார் 37,600 மெகாபிட். அதை வீடியோ ஓடும் விநாடிகளால் வகுங்கள். 2 மணி நேரம் என்றால் 7,200 விநாடி, விநாடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். ஆடியோவுக்கு 0.2, கட்டமைப்புக்குக் கொஞ்சம் போக, படத்துக்கு 4.8 அளவில் நிற்கும். இது நல்ல தரம். ஒரு மணி நேரத்துக்கு 10.4 வரும். ஆனால் டிவிடியில் படத்துக்கான உச்ச வரம்பு 9.8. நாமே எழுதிய டிஸ்க்கில் பழைய ப்ளேயர் அந்த வேகத்துக்குத் திணறும் என்பதால் 8-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

3 மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் 3.5-தான் மிஞ்சும். மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரை அதுவும் போதும் போலத் தெரியும். கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை தூவும் நொடியில்தான் குட்டு வெளிப்படும். திரை முழுக்கப் பறக்கும் ஒவ்வொரு அரிசியும் எம்பெக்-2-க்குப் புது அசைவு. முந்தைய ஃபிரேமிலிருந்து கடன் வாங்க எதுவும் இல்லாததால் படம் கட்டம் கட்டமாக உடையும், பட்டுப்புடவைச் சரிகை வெறும் மஞ்சள் திட்டாகும். அந்த நொடிக்காகத்தானே இந்த டிஸ்க்கையே செய்கிறோம்! இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள்: வரவேற்பு ஒன்றில், முகூர்த்தம் மற்றதில்.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறதே என்றால், விலையும் கூடுதல், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், பழைய ப்ளேயர்கள் பல அதைப் படிக்கவும் தடுமாறும். இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்குகளே மேல்.

பால், என்டிஎஸ்சி விஷயத்தில் மூலத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ கேமரா 25 அல்லது 50 ஃபிரேம் என்றால் பால். செல்போனின் 30 ஃபிரேமைப் பாலுக்கு மாற்றினால் நடந்து வருபவர் விட்டுவிட்டு நடப்பார், அதற்கு என்டிஎஸ்சி பொருத்தம். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் கலக்கக் கூடாது. பழைய மினி டிவி (MiniDV) கேமரா கேசட்டிலிருந்து எடுத்ததில் கீழ் ஃபீல்டு (ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒன்று வரும் கோடுகளின் தொகுதி) முதலில் வரும், எச்டி ஹேண்டிகேமில் மேல் ஃபீல்டு முதலில். மாற்றி வைத்தால் அசையும் எல்லாமே முன்னும் பின்னும் உதறும்.

பர்னிங்: டிஸ்க்கும் வேகமும்

விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி. இம்ஜ்பர்னில் ஃபோல்டரை எழுதும் முறையைத் தேர்ந்து 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரைக் கொடுத்தால், ஃபைல் அமைப்பு ஐஎஸ்ஓ 9660 + யுடிஎஃப், அதன் பதிப்பு 1.02 என்று இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். 'வெரிஃபை' டிக் எப்போதும் இருக்கட்டும்.

டிவிடி-ஆர், டிவிடி+ஆர் இரண்டில் பழைய ப்ளேயருக்கு மைனஸ் ஆர் பாதுகாப்பான தேர்வு. பிளஸ் ஆர் வாங்கினால், ரைட்டர் அனுமதிக்கும் பட்சத்தில் 'புக் டைப்'பை (தான் எந்த வகை என்று டிஸ்க் ப்ளேயரிடம் சொல்லும் குறிப்பு) டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுங்கள். அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒத்திகைக்கு மட்டும். அழுத்தித் தயாரித்த டிஸ்க் 45 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ 18 முதல் 30 வரைதான். தேய்ந்த லேசருக்கு அது போதாது.

வேகம் குறைந்தால் தரம் கூடும் என்பது முழு உண்மையில்லை. 16எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்கென்றே செய்யப்பட்டது. 8எக்ஸில் எழுதுங்கள், 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்நேரம் வேறு கனமான வேலை எதையும் கணினிக்குக் கொடுக்க வேண்டாம்.

டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுவதால், நிரம்பிய டிஸ்க்கில் கடைசிக் காட்சிகள் பிழை அதிகம் வரும் ஓரத்தில் விழும். வெரிஃபை தேறிய பின்னும் வீட்டு ப்ளேயரிலேயே கடைசி பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கே உறைந்தால் பிட்ரேட்டை 0.3 குறைத்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு மறுபடி எழுதுங்கள். பெயரை மார்க்கரில் எழுதலாம். காகித ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள், எடை ஒரு பக்கம் சாய்ந்து டிஸ்க் அதிர்ந்தால் முதலில் கெடுவது அந்த வெளிவிளிம்புதான்.