லாட்ஜ் ரூமில் என் மூத்திரத்தைக் காய்ச்சிக் காட்டி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிய கதை

பெயர் போடவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும். திருமங்கலம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 46, சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஆரம்பித்தது. வீட்டுக்காரியோடு சேர்ந்திருந்த மறுநாள் காலை ஆணுறுப்பின் நுனியில் எரிச்சல், சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். இரண்டு நாளில் அடங்கியது. அடுத்த முறை சேர்ந்ததும் திரும்ப வந்தது. இந்தத் தடவை முன்தோல் ஓரம் வெடித்து, உள்ளே தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

எனக்கு வெளித்தொடர்பு எதுவும் கிடையாது. அப்புறம் இது எங்கிருந்து வந்தது? அதையே நினைத்து நினைத்து, 21 வருஷம் கூட வாழ்ந்தவளைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதைச் சொல்லவே இப்போது கூசுகிறது. அவளுக்கும் அரிப்பு இருந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. "சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போறீகளே..." என்று ஒருநாள் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அவளும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

முதலில் மெடிக்கலுக்குப் போனேன். தொடை இடுக்கில் அரிப்பு என்று பொய் சொன்னேன். "ரெண்டு நாள் போடுங்கண்ணே, ஓடிரும்" என்று ஒரு ட்யூப் கொடுத்தார் பையன். உண்மையிலேயே இரண்டு நாளில் சிவப்பு போனது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்தது. மூன்று நாலு மருந்தைக் கலந்த கிரீமாம், அதில் க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும்; அடியில் புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக் காளான் அதன் பாட்டுக்கு வளரும். அந்த இடத்துத் தோல் ஏற்கெனவே மெல்லிசு, இது இன்னும் மெல்லிசாக்கிவிடும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. இடையில் நானும் என் பங்குக்குக் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து தினம் கழுவி வெந்துபோக வைத்திருந்தேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். மேகவெட்டை (பால்வினை நோய்க்கு நாட்டு வழக்கில் சொல்லும் பெயர்), உஷ்ணக் கொப்புளம், ரகசிய நோய், ஆலோசனை இலவசம், மாதம் இரண்டு நாள் மதுரையில். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாடி ரூம். வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, சின்ன வயசில் கைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். யாருக்குத்தான் இல்லை? "அங்கதான் ஆரம்பிச்சிருக்கு" என்றார். புண்ணைக் காட்டவா என்றேன். "தேவையில்லை, மூத்திரம் எல்லாம் சொல்லிரும்."

ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீர், அதில் என் மூத்திரம் சில சொட்டு, கீழே ஸ்பிரிட் விளக்கு. என் கண் முன்னாலேயே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "பாத்தீகளா, தாது உருகி வெளிய போகுது. மேகம் எலும்புல இறங்கிருச்சு. வீட்டுக்காரம்மாவுக்கும் ஏறியிருக்கும்." கை நடுங்க அங்கேயே 8,000 ரூபாய் அனுப்பினேன், மீதி 6,500 அடுத்த நாள். பில் கிடையாது. லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம், லேகியம், ஒரு எண்ணெய். எண்ணெய் தடவிய இரவு ஃபேனுக்கு நேரே காலை விரித்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். தோல் உரிந்துவிட்டது.

விடிந்ததும் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓபி சீட்டு வாங்கிப் பால்வினை நோய்ப் பிரிவு வாசலில் நிற்கும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கர்ச்சீஃபால் முகத்தை மறைத்துக்கொண்டேன். (பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.) அங்கிருந்த டாக்டர் முதலில் செய்தது, பார்த்தது. லைட் அடித்துப் பார்த்தார், சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். பிறகு, "என்னென்ன மாத்திரை சாப்புடுறீங்க?" இத்தனை நாளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

பிப்ரவரியில் சுகருக்குப் புதிதாக டாபாகிளிஃப்ளோசின் சேர்த்திருந்தார்கள். அந்த மாத்திரை ரத்தத்துச் சர்க்கரையை மூத்திரம் வழியாக வெளியே தள்ளும். கடைசிச் சொட்டு முன்தோலுக்குள் தங்கும், கேண்டிடா என்ற காளானுக்கு அதுவே தீனி. உறவின்போது ஏற்படும் உராய்வில் ஏற்கெனவே புண்ணான தோல் எரியும், வெடிக்கும். பெண்களுக்கும் இந்தக் காளான் சாதாரணமாக வரக்கூடியதுதான். அது இருப்பதால் யாரும் துரோகம் செய்தார்கள் என்று அர்த்தமில்லை என்றார்.

லாட்ஜ் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். அந்த நீலத் தண்ணீர் அநேகமாக பெனடிக்ட் கரைசலாக இருக்கும், சர்க்கரை சேர்ந்து சூடானால் செங்கல் நிறமாகும், அந்தக் காலத்தில் சுகர் டெஸ்டே அதுதான் என்றார். "நீங்க சாப்புடுற மாத்திரைக்கு உங்க மூத்திரம் எப்பக் காய்ச்சினாலும் செவக்கும்." 14,500 ரூபாய்க்கு எனக்கு சுகர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் அந்த மகராசன்.

க்ளோட்ரிமசோல் கிரீம் காலை மாலை இரண்டு வாரம், வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் ஒற்றி எடுப்பது, குணமாகும்வரை உறவு வேண்டாம், வீட்டுக்காரியையும் கூட்டி வருவது. சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள் என்று அழுத்திச் சொன்னார். நம்பிக்கை மையத்தில் எச்ஐவிக்கும் ரத்தம் கொடுத்தேன். இலவசம், விவரம் வெளியே போகாது. இல்லை என்று வந்தது. கொப்புளம், வலியில்லாத புண், சீழ் இவற்றில் எது தெரிந்தாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் எச்ஐவி, எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்து கேட்கலாம், காசில்லை.

லாட்ஜுக்குத் திரும்பப் போனேன். "அவரு அடுத்த மாசந்தான்ணே வருவாரு" என்றார் மேனேஜர். இப்படிப்பட்ட நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்று தடுக்கிறது. சுகாதாரத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் லேகிய டப்பாவின் படத்தையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாட்டுத்தாவணி போனேன். அதே சுவர், அதே நோட்டீஸ். செல் நம்பர் மட்டும் மாறியிருக்கிறது. தேதி 15, 16 என்று போட்டிருக்கிறார்கள்.