பொழுது பட்டா அறுந்துபோற இன்டர்நெட் லைன்: ரெண்டரை வருச அனுபவம்

எங்கட வீடு திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடலுக்குக் கிட்ட. ஒழுங்கைக்குள்ள இன்னும் பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வரல்ல, பழைய செப்புக் கம்பி டெலிபோன் லைன்லதான் ஏடிஎஸ்எல் ஓடுது, அதாவது டெலிபோன் கம்பியாலயே வாற இன்டர்நெட். பைபர் இருக்கிற ஆக்கள் இதை வாசிக்கத் தேவையில்ல, அதுக்குள்ள போறது வெளிச்சம், கரண்ட் இரைச்சல் அதைத் தொடாது. செப்புக் கம்பியோட மாரடிக்கிற ஆக்களுக்குத்தான் எழுதுறன்.

பிரச்சினை என்னெண்டா பின்னேரம் ஆறரை மணி. ஏஎல் படிக்கிற தங்கச்சிக்கு அந்த நேரத்திலதான் ஒன்லைன் கிளாஸ், சரியா அந்த நேரத்திலதான் லைன் அறும், திரும்ப வர அஞ்சு நிமிசம், வந்தாலும் படிப்பிக்கிற சேரின்ர குரல் வெட்டி வெட்டிக் கேக்கும். பின்னேரத்தில எல்லாரும் பாவிக்கிறதால நெருக்கம் எண்டு எல்லாரும் சொன்னாங்க, நானும் எட்டு மாசம் அதை நம்பினன். ஒருநாள் மோடத்துக்கு முன்னால இருந்து பார்த்தப்பதான் விளங்கினது, வேகம் குறையிறப்போ டிஎஸ்எல் லைட் (லைன் பிடிச்சிருக்கெண்டு காட்டுற லைட்) மினுங்குது. இது முக்கியம். நெருக்கம் எண்டா அந்த லைட் அசையாம நிக்கும், இன்டர்நெட் மட்டும் மெதுவாகும். லைட் மினுங்கித் திரும்பப் பிடிக்குதெண்டா கம்பியில இரைச்சல் ஏறுது எண்டு அர்த்தம்.

மோடத்தின்ர செட்டிங் பக்கத்துக்குள்ள போனா எஸ்என்ஆர் மார்ஜின் எண்டு ஒரு எண் இருக்கும், டெசிபெல்ல. சிக்னல் இரைச்சலை விட எவ்வளவு மேல நிக்குது எண்டு காட்டுற இடைவெளி அது, வழக்கமா 6 இருக்கவேணும். எங்களுக்குப் பகல்ல 8, ஆறரைக்கு 2, சில நேரம் 1. அப்ப அறுந்து 4 எம்பி வேகத்தில திரும்பப் பிடிக்கும், பிறகு இரைச்சல் போனாலும் மோடம் அந்தக் குறைஞ்ச வேகத்திலயே நிக்கும், மோடத்தை ஓஃப் பண்ணிப் போடுற வரைக்கும் காலமயும் ஸ்லோதான். லைன் தந்த கம்பெனிக்குச் சொன்னன், ஆள் வந்தார், பகல் பதினொரு மணிக்கு. டெஸ்ட் பண்ணிப்போட்டு "லைன் கிளியர் தம்பி" எண்டு போயிட்டார். பகல்ல கிளியர்தான். பின்னேரம் வாங்க எண்டு மூண்டு தரம் கேட்டன், ஒருத்தரும் வரல்ல, அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கு.

ஏடிஎஸ்எல்லின்ர வேகம் கூடின வகையான ஏடிஎஸ்எல் டூ பிளஸ் கம்பியில 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பாவிக்குது, 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில சின்னச் சின்னத் துண்டுகளாப் பிரிச்சு. பழைய ரேடியோவில மத்திய அலை கேப்பமே, அதுவும் இந்தப் பரப்புக்குள்ளதான் வருது. நிலாவெளிப் பக்கம் டொய்ச் வெல்லே எண்ட ஜெர்மன் வானொலியின்ர நிலையத்தில இருந்து 1548 கிலோஹெர்ட்ஸ்ல போன ஒலிபரப்பு எங்கட ஊர்ப் பெரியாக்களுக்கு ஞாபகம் இருக்கும், அதைக் கணக்குப் பார்த்தா ஏடிஎஸ்எல் துண்டுகள்ல சரியா 359ஆவது துண்டில விழுகுது. அப்ப மோடத்துக்குக் கேக்கிற இரைச்சல் ரேடியோவுக்கும் கேக்கும்தானே? இதுதான் எனக்குக் கை குடுத்த விசயம்.

அப்பாவின்ர பற்றரி ரேடியோவை எடுத்து ஏஎம்ல (மத்திய அலையில) போட்டு, 600 கிலோஹெர்ட்ஸுக்குக் கிட்ட ஒரு ஸ்டேஷனும் இல்லாத இடத்தில வைச்சன். ஆறரைக்கு "கர்ர்ர்" எண்டு பொரிக்கிற சத்தம். மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணினன், சத்தம் உடனே இல்லாமப் போயிட்டு, அப்ப குற்றம் எங்கட வீட்டுக்குள்ளதான். (மெயினை ஓஃப் பண்ணினா மோடமும் செத்திரும், அதாலதான் பற்றரி ரேடியோ வேணும்.) பிறகு பிரேக்கரை ஒவ்வொண்டா மேல தூக்கிக்கொண்டு ரேடியோவைக் கையில பிடிச்சு அறை அறையா நடந்தன். பிடிபட்டது வாசல் எல்ஈடி ஃபிளட் லைட். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில தினமும் போடுறது. அதின்ர வயர் சுவர்ல டெலிபோன் வயரோட ஒண்டா நாலு மீற்றர் ஓடுது. ஹோல் ஃபேன் ரெகுலேட்டரும் கொஞ்சம் சத்தம் போட்டது, ஆனா வாசல் லைட்டுக்குக் கிட்டயும் வராது.

அப்ப லைட் மாத்தவேணும். மலிவான எல்ஈடி டிரைவருக்குள்ள (லைட்டுக்குக் கரண்டை மாத்திக் குடுக்கிற பகுதி) இரைச்சலைத் தடுக்கிற கொயிலும் கபாசிட்டரும் வைக்காம விட்டுடுவாங்க, வெளிய பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. அதால ரேடியோவைக் கடைக்கே கொண்டுபோனன். "முதலாளி, ஒவ்வொண்டாப் போட்டுக் காட்டுங்க" எண்டு கேட்டன், முதல்ல விளங்காமப் பார்த்தவர், சத்தத்தைக் கேட்டதும் அவரே "இதையும் பாருங்க தம்பி" எண்டு அஞ்சு லைட் எடுத்துத் தந்தார். அஞ்சில ரெண்டுதான் அமைதி. விலை கூடினதில ஒண்டு நல்லாக் கத்தினது, அதால விலையை மட்டும் நம்பி வாங்காதீங்க.

லைட் மாத்தின அண்டைக்கே பின்னேர மார்ஜின் 2ல இருந்து 7. மிச்ச முன்னேற்றம் வந்தது டெலிபோன் வயரைத் திருத்தினதில இருந்து. வீட்டுக்குள்ள போன் மூண்டு இடத்துக்கு இழுத்திருந்தது, ரெண்டு இடத்தில இப்ப போனே இல்ல, சும்மா தொங்குற வயர். அது அன்ரெனா மாதிரி இரைச்சலை வாங்கும், சிக்னலையும் திருப்பி அடிக்கும். அதுகளைக் கழட்டிப்போட்டு, லைன் வீட்டுக்குள்ள வாற முதல் பெட்டியிலயே ஸ்பிளிட்டரை (போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிறது) போட்டு, அங்கயிருந்து மோடத்துக்குத் தட்டை வயருக்குப் பதிலா சோடி சோடியா முறுக்கின கம்பி உள்ள கெட் ஃபைவ் கேபிள் இழுத்தம். இதில ஒரு பிழை நடந்தது. வயரிங் செய்யிற அண்ணன் நீலத்தில ஒரு கம்பி, ஒரேஞ்ல ஒரு கம்பி எடுத்துக் குடுத்திட்டார், மார்ஜின் முந்தியை விட விழுந்துட்டு. ஒண்டோட ஒண்டு முறுக்கின சோடிதான் இரைச்சலை வெட்டும், அதால நீலமும் அதோட முறுக்கின நீலம்-வெள்ளையும்தான் போடவேணும். மாத்தினதும் 10. கரண்ட் வயரில இருந்து ஒரு அடி தள்ளிக் கொண்டுபோனம், குறுக்க போகவேண்டிய இடத்தில நேர் குறுக்கா.

பெரைட் கிளிப், அதாவது இரைச்சலைத் தடுக்க வயர்ல மாட்டுற காந்தப் பொருள் வளையம், அதைப் பற்றியும் சில பேர் கேக்கிறாங்க. நானும் நாலு வாங்கினன், சும்மா மாட்டினா ஒண்டும் நடக்கல்ல. அது கூடுதலா இதைவிட உயர்ந்த அலைவரிசைக்குச் செய்யிறது. வயரை அதுக்குள்ளால பல தரம் சுத்தினாத்தான் வேலை செய்யும், ரெண்டு சுத்து எண்டா தடுக்கிற சக்தி நாலு மடங்கு, மூண்டு எண்டா ஒன்பது மடங்கு. பெரிய வளையத்தில ஏழு சுத்துச் சுத்தி ஒரு டெசிபெல் கிடைச்சது. முதல்ல இதுக்குக் காசு செலவழிக்காதீங்க. மோடம் அடப்டர் பழசெண்டா மாத்துங்க, எங்கட ஊர்ச் சூட்டில அதுக்குள்ள இருக்கிற கபாசிட்டர் காய்ஞ்சு அதுவே இரையத் தொடங்கும், அதே வோல்ட், அதே அம்பியர் பார்த்து வாங்குங்க.

ரெண்டரை வருசத்தில இதெல்லாம் நிண்டு பிடிச்சுதா எண்டா, வீட்டுக்குள்ள செஞ்சது எல்லாம் அப்பிடியே இருக்கு. 4, 7 எண்டு ஆடின வேகம் இப்ப 11 எம்பியில நிக்குது. வெளியதான் கடல் உப்பு வேலையைக் காட்டும். முதல் வருசம் டிசம்பர் மழைக்கு மார்ஜின் 5க்கு இறங்கினது, போனைத் தூக்கினா கரகரப்பு. அந்தக் கரகரப்பைச் சொல்லித்தான் திரும்ப முறைப்பாடு குடுத்தன், இந்த முறை வந்தவர் போஸ்ட்ல ஏறிப் பார்த்தா ஜொயின்ட் பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தது, வெட்டி ஜெல் உள்ள கனெக்டர் போட்டுத் தந்தார். அடுத்த மழைக்கு 9க்குக் கீழ இறங்கல்ல.

இண்டைக்குக் காலம மோடத்தில பார்த்தன், 41 நாளா அறாம நிக்குது. அதுக்கு முதல் அறுந்ததும் லைனால இல்ல, இடி முழங்கினப்போ அம்மா கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் கழட்டி வைச்சவ.