கடிகாரக் கோணம்: சூத்திரமா, 12-லிருந்து எண்ணுவதா, துரத்தல் கணக்கா?

மூன்றே கால் மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையே எத்தனை டிகிரி? இந்தக் கேள்வியை முதன்முதலில் பார்த்தபோது 'பூஜ்யம்' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான். இரண்டும் 3-ன் மேல்தானே இருக்கின்றன என்று நினைத்தேன். பெரிய முள் 12-ல் கிளம்பி 3-க்கு வந்து சேரும் வரை சின்ன முள் சும்மா நிற்பதில்லை. 3-க்கும் 4-க்கும் நடுவே உள்ள 30 டிகிரியில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. விடை 7.5.

இந்தக் கணக்குக்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் நிற்பது ஒரே அடித்தளத்தில்: நிமிட முள் நிமிடத்துக்கு 6 டிகிரி நகரும், மணி முள் அரை டிகிரி.

பலரும் முதலில் ஓடுவது சூத்திரத்திடம். மணியை 30-ஆலும் நிமிடத்தை 5.5-ஆலும் பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். 3.40 என்றால் 90, 220, விடை 130. வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் 1.50-ஐப் போட்டுப் பாருங்கள். 30, 275, வருவது 245. அது முட்களுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிவரும் பின்வளை கோணம். 360-லிருந்து கழித்தால்தான் கேட்ட விடை. அவசரத்தில் 245-ஐ அப்படியே எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய.

12-லிருந்து எண்ணுபவருக்கு இந்தச் சிக்கலே வராது. 1.50-க்குப் பெரிய முள் 10-ல் இருக்கிறது. 12-ஐத் தொட இன்னும் 60 டிகிரி. சின்ன முள் 1-ஐத் தாண்டி 25 டிகிரி போயிருக்கிறது, அதாவது 12-லிருந்து 55. ஒன்று இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம், கூட்டினால் 115. கடிகார முகம் கண்ணெதிரே நிற்பதால் தப்பான விடை உடனே உறுத்தும். கொஞ்சம் மெதுவான வழிதான், என் ஓட்டு இதற்கே.

சரி, முள் 'நகர்ந்த கோணம்' என்ன என்று கேட்டால்? இங்கே சூத்திரத்துக்கு வேலையே இல்லை, அது சொல்வது இடைக்கோணத்தை மட்டும். 9.10 முதல் 11.40 வரை 150 நிமிடம். மணி முள் 75 டிகிரி, நிமிட முள் 900 டிகிரி. தொடங்கிய இடத்தையும் நின்ற இடத்தையும் மட்டும் பார்த்தால் நிமிட முள்ளுக்கு 180 என்றுதான் வரும். நடுவில் போட்ட இரண்டு முழுச் சுற்று, 720 டிகிரி, காணாமல் போய்விடும். இந்த வகையில் நிமிடத்தை எண்ணி 6-ஆல் பெருக்குவதே நேர்வழி.

மூன்றாவது, துரத்தல். நேரம் தெரியாமல் கோணம் மட்டும் தெரியும்போது இதை விட்டால் கதியில்லை. '4-க்கும் 5-க்கும் இடையே முட்கள் எப்போது செங்கோணத்தில் இருக்கும்?' 4 மணிக்குப் பெரிய முள் 120 டிகிரி பின்தங்கி நிற்கிறது. நிமிடத்துக்கு 6 ஓடும் முள், அரை ஓடும் முள்ளைத் துரத்துவதால் இடைவெளி நிமிடத்துக்கு 5.5 குறையும். சூத்திரத்தில் வந்த 5.5-ன் பிறப்பிடமும் இதுவே. 30 டிகிரி குறைந்ததும் முதல் செங்கோணம்: 30-ஐ 5.5-ஆல் வகுக்க 5 5/11 நிமிடம். பிறகு சின்ன முள்ளைப் பிடித்து, தாண்டி, 90 முன்னே போக வேண்டும்: மொத்தம் 210, அதாவது 38 2/11 நிமிடம். முட்கள் 12 மணி நேரத்தில் 12 முறை அல்ல, 11 முறைதான் ஒன்றின் மேல் ஒன்று வரும் என்பதும் இந்தத் துரத்தலில்தான் புரிகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் 65 5/11 நிமிடம்.

இந்தப் பின்னங்கள் சரிதானா என்று சந்தேகம் வந்தால், அங்கே சூத்திரத்தைக் கூப்பிடலாம். 4.38-க்கு அது 89 காட்டும், 4.39-க்கு 94.5. 90 நடுவில் விழுகிறது.