தோட்டத்து வீட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறது என்றால், அதை முழுதாக வாசியுங்கள்

வடமேற்கு லண்டனில் நான் 2025இல் வாங்கிய வீட்டின் பின்தோட்டத்தில், சமையலறையும் குளியலறையும் கொண்ட தனிக் கட்டடம் ஒன்று இருந்தது. "அண்ணை, இதுக்குக் கவுன்சிலே சான்றிதழ் குடுத்திருக்கு, யோசியாமல் வாடகைக்கு விடுங்கோ" என்றார் விற்பனை முகவர். அவர் நீட்டிய தாளில் கவுன்சிலின் பெயரும், 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 192ஆம் பிரிவும் இருந்ததைக் கண்டதோடு நான் திருப்தியடைந்துவிட்டேன்.

அதே தாளின் முதலாவது அட்டவணையில் "உடற்பயிற்சி அறையும் பொருள் வைக்கும் அறையும்" என்று எழுதியிருந்தது. 192ஆம் பிரிவுச் சான்றிதழ், இனிமேல் செய்யப்போவதாக விண்ணப்பத்தில் விவரித்த வேலை, கட்டவோ பயன்பாட்டை மாற்றவோ கவுன்சில் தரும் பிளானிங் அனுமதியின்றியே சட்டப்படி செல்லும் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. ஏற்கெனவே நடக்கும் பயன்பாட்டுக்கு 191ஆம் பிரிவின் கீழ் வேறு சான்றிதழ் பெற வேண்டும். வீட்டாரின் துணைத் தேவைக்கென ஒப்புக்கொண்ட கட்டடத்தில் வேறொரு குடும்பம் தனியாக வாழ்வதை அந்தத் தாள் ஒருபோதும் காக்காது.

அந்தப் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லும் கவுன்சிலின் அமலாக்க அறிவித்தல் வந்தபோது, அதே முகவர் அனுப்பிய ஆலோசகர் ஒருவர், கட்டடம் தனி வீடாகி நான்கு ஆண்டு கடந்துவிட்டதால் 191ஆம் பிரிவுச் சான்றிதழ் நிச்சயம் என்று 1,800 பவுண் வாங்கினார். எனக்கு முன்பிருந்த உரிமையாளரின் முதல் வாடகை ஒப்பந்தமோ 2024 ஒக்டோபரில்தான் எழுதப்பட்டது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு ஒரு கட்டடம் தனி வீடாக மாறியிருந்தால் பத்து ஆண்டுகள் கடக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் விண்ணப்பிப்பவருடையதே. இதைச் சுட்டிக்காட்டியதும், 2019 முதல் ஆட்கள் குடியிருந்ததாகச் சத்தியக் கடதாசி ஒன்றில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார். சான்றிதழுக்காகத் தெரிந்தே பொய் சொல்வது அதே சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி குற்றம். நான் மறுத்தேன், பணம் திரும்பவில்லை.

இந்த இழுபறியில், அறிவித்தல் நடைமுறைக்கு வருமுன் மேன்முறையீடு செய்ய எனக்கிருந்த நாட்களும் கழிந்தன. அது நடைமுறைக்கு வந்த பிறகு, அதை மீறும் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் கேட்கவும் வழியில்லை.

வாங்க நினைப்பவர்கள் கவுன்சிலின் இணையப் பிளானிங் பதிவேட்டில் அந்த விலாசத்தைத் தேடி, சான்றிதழின் இரண்டு அட்டவணைகளையும் வரைபடத்தையும் நேரில் கண்ட இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணமே இல்லை. நான் அந்தப் பதிவேட்டை முதன்முதலாகத் திறந்தது, கைக்குழந்தையோடு அங்கே குடியிருந்த தம்பதியரை வெளியேறச் சொன்ன பிறகுதான்.