மசாய் மாரா போகிறவர்கள் கவனத்துக்கு: முதலில் எந்த கேட் என்று கேளுங்கள்

போன ஆகஸ்ட்டில் அப்பா, அம்மா, என் மனைவி, நான் என்று நான்கு பேர் கென்யா போய் வந்தோம். அங்கே மசாய் மாரா என்ற வனவிலங்கு சரணாலயத்தில் மூன்று பகல், இரண்டு இரவு. நடுவில் வரும் நாள் முழுவதும், காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, சரணாலயத்துக்குள்ளேயே சுற்றுவது, மதியச் சாப்பாடு மாரா ஆற்றங்கரையில் என்று பேசித்தான் பணம் கட்டினோம். அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அடுத்த சீசனுக்கு இப்போதே விலை விசாரிக்கத் தொடங்கியிருப்பீர்கள், அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நைரோபியில் ஒரு சின்ன அலுவலகம், வாட்ஸப்பில் உடனுக்குடன் பதில், அழகான படங்கள், அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது.

முதலில் கணக்கு. நான் போடத் தவறிய கணக்கு இதுதான். மசாய் மாரா தேசிய சரணாலயத்துக்கு வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024இல் வந்த கட்டணம் இது. 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50. அதோடு டிக்கெட் 12 மணி நேரத்துக்குத்தான், காலை 6 முதல் மாலை 6. முன்பெல்லாம் 24 மணி நேரம் இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் தங்கும் கேம்ப் சரணாலயத்துக்கு வெளியே இருந்தால், எத்தனை நாள் உள்ளே போகிறீர்களோ அத்தனை டிக்கெட் வேண்டும். எங்கள் கேம்ப் வெளியேதான். எங்களுக்குச் சொன்ன திட்டத்தில் முதல் நாள் சாயங்காலம், இரண்டாம் நாள் முழுக்க, மூன்றாம் நாள் விடியற்காலை என்று மூன்று முறை கேம் டிரைவ், அதாவது வண்டியில் போய் மிருகம் பார்ப்பது. அப்படியென்றால் ஆளுக்கு 600 டாலர் கட்டணமாகவே போக வேண்டும். அவர்கள் எங்களிடம் வாங்கியது வண்டி, தங்கும் இடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 620. மற்றவர்கள் 1,000 டாலருக்கு மேல் சொன்னபோது இவர்கள் மட்டும் எப்படி இப்படிக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, சல்லிசாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். முன்பணம் வங்கி வழியாக, மீதி நைரோபியில் ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த ரொக்கத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்பாவுக்கு 68 வயது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முதுமலையில் எத்தனையோ முறை யானை பார்த்திருக்கிறார், ஆனால் திறந்த புல்வெளியில் சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

சரி, அந்த நாள். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஐந்தரைக்கே நாங்கள் தயார். அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், விடியற்காலையில் நல்ல குளிர், அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் வந்தது 7.20க்கு. டயர் பிரச்சினை என்றார். லேண்ட் குரூசர் என்று எழுதித் தந்திருந்தார்கள், வந்தது கூரையைத் தூக்கும் வேன். அதைக்கூட விட்டுவிடலாம், தரை காய்ந்திருந்தால் வேன் போகும். ஆனால் சிங்கம், கழுதைப்புலி எல்லாம் நடமாடுவது அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான், வெயில் ஏறிவிட்டால் சிங்கம் நிழலில் படுத்துவிடும், மாலை வரை அசையாது. அந்த நேரத்தை வாசலிலேயே தொலைத்தோம்.

கிளம்பிப் பதினைந்து நிமிஷத்தில் மண்பாதையில் திரும்பி ஒரு வெட்டவெளிக்குள் போனோம். வரிக்குதிரைகள், இம்பாலா மான்கள், மூன்று ஒட்டகச்சிவிங்கிகள், தூரத்தில் மாடு போலிருக்கும் பெரிய மானான வில்டபீஸ்ட் ஒரு கூட்டம். அம்மா பூரித்துப்போனார். நாங்களும் மளமளவென்று படம் எடுத்துத் தள்ளினோம். ஒரு மணி நேரம் கழித்து அப்பாதான் கேட்டார்: "ஏம்பா, சரணாலயத்துக்குள்ள மாடு மேயுதே, விடுவாங்களா?" பார்த்தால் ஒரு நூறு மாடு, சிவப்புப் போர்வையோடு இரண்டு மசாய் பையன்கள். டிரைவரிடம் கேட்டேன். இது மசாய் மக்களின் நிலம், அவர்களுக்கு எப்போதும் அனுமதி உண்டு என்றார். நானும் அப்படியே அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

அப்புறம் ஒன்பது மணிக்கு ஒரு மசாய் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். திட்டத்தில் இல்லாதது, ஆளுக்கு 25 டாலர். அங்கே இருந்த மக்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அம்மாவைக் கைபிடித்து உட்கார வைத்தார்கள், வீட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டினார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானே கேட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு அங்கே போன ஒன்றரை மணி நேரம்தான் கணக்கில் உதைக்கிறது.

பதினொன்றரைக்கு, கழிப்பறைக்காக ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்தினார். அங்கே நைரோபியில் பல தலைமுறையாக வாழும் ஒரு வயதான குஜராத்தி தம்பதி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சரணாலயத்துக்குள்ளேயே இரண்டு இரவு தங்கிவிட்டு, கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால் வந்தவர்கள். என் மனைவிக்கு இந்தி தெரியும், பேச்சுக் கொடுத்தாள். காலையிலிருந்து உள்ளேதான் சுற்றுகிறோம் என்று இவள் சொல்ல, அந்த அம்மா, "எந்த கேட் வழியாகப் போனீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கேட் எதையும் நாங்கள் தாண்டவே இல்லை. அவர் கணவர் எழுந்து வெளியே வந்து சாலையைக் காட்டினார். "செக்கெனானி கேட் அதோ அந்தப் பக்கம். நீங்கள் இன்னும் உள்ளேயே போகவில்லை."

மாராவுக்கு வேலி கிடையாது. மிருகங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இஷ்டம்போல் போய் வரும், ஊர் மக்களின் மேய்ச்சல் நிலத்திலும் வரிக்குதிரை நிற்கும், ஒட்டகச்சிவிங்கி நிற்கும். முதல்முறை போகிறவருக்கு எது சரணாலயம், எது வெளி நிலம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்த ஏமாற்று வேலை நடப்பது அதனால்தான். முதல் நாள் சாயங்காலம் எங்களைச் சுற்றிக் காட்டியதும் வெளி நிலம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், வெளி நிலம் என்றாலே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். நபோய்ஷோ, ஓலாரே மொதொரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்ஸிகள் என்ற காப்பு நிலங்கள் மசாய் குடும்பங்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அருமையாக நடத்தப்படுகின்றன, வண்டிக் கூட்டமும் குறைவு. அங்கே தனிக் கட்டணம், அங்கே தங்குகிறவர்களுக்குத்தான் அனுமதி. எங்களைச் சுற்ற வைத்த இடம் அதுவும் இல்லை, கட்டணமே இல்லாத இடம்.

அலுவலகத்துக்கு போன் போட்டேன். டிரைவர் தவறாகப் புரிந்துகொண்டார், உடனே உள்ளே போங்கள் என்றார்கள். கேட்டுக்குப் போனால் டிரைவர் கையில் பணம் இல்லை. அங்கே கட்ட முடிவது கார்டு அல்லது எம்-பெசா என்ற மொபைல் பணம், இரண்டில் ஒன்று. அலுவலகம் எம்-பெசாவில் அனுப்புகிறது, இதோ வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று ஒன்றேகால் மணி நேரம் கேட்டிலேயே நின்றோம். மற்ற வண்டிகள் உள்ளே போவதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1.40க்கு என் கார்டைக் கொடுத்து 800 டாலர் கட்டினேன். நைரோபியில் திருப்பித் தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பன்னிரண்டு மணி நேர டிக்கெட், எங்களுக்குக் கிடைத்தது நாலேகால் மணி நேரம். அதே பணத்தை மறுநாள் காலை 6 மணிக்குக் கட்டியிருந்தால் விடியல் நேரமாவது கிடைத்திருக்கும், அந்தக் கோபத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இந்த நிலைமையில் யாராவது மாட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

ஆற்றுக்குப் போக முடியவில்லை. செக்கெனானியிலிருந்து மாரா ஆற்றுக்கு மண்பாதையில் போகவே இரண்டு மணி நேரம் ஆகும், வில்டபீஸ்ட் கூட்டம் கரையில் வந்து நின்றாலும் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும். ஆற்றைக் கடப்பதை நிச்சயம் காட்டுகிறேன் என்று எவர் சொன்னாலும் அதையும் நம்பாதீர்கள். மூன்றரை மணி வாக்கில் ஓடைக்கரைப் புதருக்கு அடியில் ஐந்து சிங்கங்கள் படுத்திருந்தன. அப்பா கூரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், பேசவே இல்லை, ஒரு பெண்சிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சாய்த்துக்கொண்டது. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததும் சொல்லியாக வேண்டும். டிரைவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோவில் "டூமா, டூமா" என்று கேட்டது, சுவாஹிலியில் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. போனால் ஒரு கறையான் புற்றின் மேல் தாயும் இரண்டு குட்டிகளும், சுற்றி ஏற்கெனவே ஏழு வண்டி. ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாதையை விட்டு இறங்கவே கூடாது என்பது அங்கே விதி. எங்கள் டிரைவர் பாதையை விட்டு இறங்கி, பத்து மீட்டர்கூட இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படிப் போகச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. குட்டிகள் தாயின் வயிற்றுக்கு அடியில் ஒண்டின. அம்மா, "குட்டி பயப்படுது, போதும், பின்னாடி எடுக்கச் சொல்லு" என்றார். அதற்குள் ரேஞ்சர் வண்டி வந்துவிட்டது, 10,000 ஷில்லிங் அபராதம். உங்களுக்காகத்தானே போனேன், நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார் டிரைவர். மறுத்துவிட்டேன். மாராவில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதியில் சிவிங்கிப்புலி ஈன்ற குட்டிகளில் பிழைத்து வளர்ந்து தனியே போவது ஈற்றுக்குச் சராசரியாக 0.2, கூட்டம் குறைந்த பகுதியில் 2.3. நாங்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு வண்டியாக நின்றது எனக்கு 800 டாலரைவிடப் பெரிய வேதனை.

மூன்றாம் நாள் விடியற்காலை டிரைவ் நடக்கவே இல்லை. நேராக நரோக் வழியாக நைரோபி.

போகிறவர்கள் செய்ய வேண்டியது: விலைப்பட்டியலில் நுழைவுக் கட்டணத்தை மட்டும் தனி வரியாக, எத்தனை நாளுக்கு, எந்த கேட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நிறுவனத்துக்கு கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கமான காட்டோவின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவருக்கு சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏதாவது ஒரு சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், அது இருப்பவர் பாதையை விட்டு இறங்கத் தயங்குவார். மீதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். காலையில் வண்டி கேட்டைத் தாண்டியதும் டிக்கெட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பணத்தைக் கேட்டு இதுவரை பதினோரு முறை எழுதிவிட்டேன். ஒருமுறை நான்கு பேருக்கும் சேர்த்து 100 டாலர் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன், அதோடு வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கார்டில் கட்டிய அந்த டிக்கெட் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தேதி, நேரம், கேட் பெயர், ஆள் எண்ணிக்கை எல்லாம் அச்சாகியிருக்கிறது. உண்மையான டிக்கெட் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், படம் அனுப்புகிறேன்.