கான்கிரீட்டின் முதிர்ச்சியும் பையனின் முதிர்ச்சியும்

மாடித் தளம் போட்ட வாரம்தான் பையனுக்கு 18 முடிந்தது. தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டு எப்போது பிரிப்பது, பையனிடம் பைக் சாவி எப்போது கொடுப்பது? வீட்டில் இதே பேச்சு.

காலம்: கான்கிரீட்டின் பலத்துக்கு 28 நாள் கணக்கு, 7 நாளிலேயே அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும். பையனுக்கு? 18 என்பது லைசென்ஸுக்கு மட்டும்.

பராமரிப்பு: தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். வெயிலில் மதியத்துக்குள் பாதி வற்றிவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். பையனுக்கு அறிவுரையை அப்படி ஊற்றினால் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

சோதனை: அதே கலவையில் வார்த்த 15 செ.மீ. கியூபை (மாதிரிக் கட்டியை) நசுக்கிப் பார்க்கலாம். இவனைக் கோபத்தில்தான் பார்க்க முடியும்.

திருத்தம்: இறுகிய தளத்தைத் திருத்துவது பெரும்பாடு. மனிதர் ஐம்பதிலும் திருந்துவார்.

முட்டு பிரிக்கக் காலண்டர் போதும்: தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14. சாவியை, எடுத்துப்போன பைக்கில் அவனே பெட்ரோல் போட்டுத் திருப்பி நிறுத்துகிற அன்று அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.