"கியர் அப்புறம் போட்டுக்கலாம்" என்று விற்ற மலை சைக்கிள்: வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

ஏற்காட்டுக்கு மிதித்தே ஏற வேண்டும் என்பது என் பல வருட ஆசை. சேலத்தில் ஒரு கடையில் அதைச் சொல்லித்தான் சைக்கிள் கேட்டேன். தடித்த டயர், முன்னும் பின்னும் ஷாக்கர் வைத்த வண்டி ஒன்றைக் காட்டினார்கள். கியர் கிடையாது. "கியர் வண்டின்னா அடிக்கடி ரிப்பேர் சார். இதுவும் எம்டிபிதான், அதாவது மவுண்டன் பைக், மலை ஏறும். வேணும்னா அப்புறம் கியர் போட்டுக்கலாம், நானே மாட்டித் தர்றேன்" என்றார் கடைக்காரர். நம்பி 9,800 ரூபாய் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து கிளம்பினேன். அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒற்றைக் கியரில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும். நின்று மிதித்தால் என் எடை பெடலுக்குப் போகாமல் ஷாக்கரை அமுக்குகிறது. வண்டி மேலும் கீழும் ஆடுகிறதே தவிர முன்னால் நகரவில்லை. இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். வலது முழங்கால் பத்து நாள் வலித்தது.

ஒற்றைக் கியரைக் குறை சொல்லவில்லை. வெளிநாடுகளில் அதற்கென்றே மலைப் பந்தயங்கள் நடக்கின்றன. ஆனால் அவர்கள் ஓட்டுவது எடை குறைந்த, பின் ஷாக்கர் இல்லாத வண்டி. பெரும்பாலும் முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 18 முதல் 20 வரை. என் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. 26 அங்குலச் சக்கரத்தில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டர் ஓட வேண்டும். 32க்கு 20 என்றால் மூன்றேகால் மீட்டர்தான். இந்தத் தூரம் குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். சமதளத்துக்கு வைத்த கணக்கை மலைக்கென்று விற்றிருக்கிறார்கள். இதைக் கடையிலேயே எண்ணிப் பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை.

கியர் போடச் சொல்லித் திரும்பப் போனபோது அதே கடைக்காரர், "பில்லுல அப்படிப் போட்டிருக்கா சார்?" என்றார். பில்லில் 'சைக்கிள் 1' என்று மட்டும்தான் இருந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "அண்ணே, கியர் மாத்த செயினைத் தள்ளுற டீரெய்லரை மாட்டுற காதே ஃப்ரேம்ல இல்ல. வீல் நடுவுல இருக்கிற ஹப்பும் குறுகலு, ஏழு பல்சக்கரம் உள்ள நுழையாது. பின் வீலையே மாத்தணும்" என்றார். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் ஆகுமாம். அதன் பிறகும் எடையும் பின் ஷாக்கரும் அப்படியேதான் இருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவே யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பின் அச்சுக்குப் பக்கத்தில் அந்தக் காது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முடிந்தால் கடைக்கு அருகே ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நான் பின்னால் 22 பல் போட்டு, செயினை நீட்டிக்கொண்டேன். சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சி வரை சிரமமில்லாமல் போய் வருகிறேன். ஏற்காட்டுக்காக இப்போது பழைய கியர் வண்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.